ஜவ்வாது மலையைத் துண்டு துண்டாகக் கடப்பது: 17 பேர் குழு ஒன்றின் திட்டமும் சறுக்கலும்

தாளில் பார்த்தால் திட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டிசம்பர் சனிக்கிழமை காலை 8 மணிக்கு ஒடுகத்தூரில் இறங்க வேண்டும். முத்துக்குமரன் மலை அடிவாரத்திலிருந்து 8.30-க்கு ஏறத் தொடங்கி, மதியம் ஒன்றரைக்கு பீஞ்சமந்தை சேர்ந்து, இரவு ஊரில் தங்கல். ஞாயிறு காலை 7 மணிக்குக் கிளம்பி தெற்கே ஜமுனாமரத்தூர் வரை நடந்து, மாலை பஸ்ஸில் வேலூர். அடுத்த மாதம் ஜமுனாமரத்தூரிலிருந்து மேற்கே காவலூர் வழியாக ஆலங்காயம். இப்படி மூன்று துண்டில் மலையை வடக்கிலிருந்து மேற்காகக் கடந்துவிடலாம் என்பது கணக்கு.

நடந்தது வேறு. முதல் நாள் கடைசி ஆள் பீஞ்சமந்தை வந்தபோது மணி 6.40. அந்த மாதத்தில் வேலூர்ப் பக்கம் சூரியன் மறைவது சுமார் 5.50-க்கு. கடைசி முக்கால் மணி நேரம் ஐந்து பேர், இரண்டு டார்ச். மறுநாள் பாதி வழியில் நடை உடைந்தது. யாருக்கும் பெரிய அடி இல்லை. அதனால்தான் இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

குழுவில் வேலூர், காட்பாடி, குடியாத்தம் ஊர்களைச் சேர்ந்த 17 பேர். வயது 23 முதல் 61 வரை, ஆறு பேர் பெண்கள். பாதிப் பேர் வருடா வருடம் பர்வதமலை ஏறுகிறவர்கள். இது பலம் போலத் தெரியும். உண்மையில் இதுவே முதல் தவறான கணிப்புக்கு விதை. பர்வதமலையில் பாதை ஒன்றுதான், முன்னும் பின்னும் கூட்டம் இருக்கும். வழி தவற முடியாது, பின்தங்கினாலும் தனியாக நிற்க மாட்டார்கள். ஜவ்வாதில் இந்த மூன்றும் கிடையாது.

நீள்பாதையைத் துண்டு துண்டாக நடப்பது ஒன்றும் புதுசில்லை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை சுமார் 3,500 கி.மீ. நீளம், 1937-இல் முழுதாக இணைந்தது. அதை ஒரே மூச்சில் நடப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். வருடத்துக்கு ஒரு துண்டு என்று பத்து, பதினைந்து வருடம் நடப்பவர்கள் ஏராளம். அங்கே பாதை முழுக்க மரத்தில் வெள்ளைக் குறி உண்டு, குறுக்கே வரும் சாலைகள் கையேட்டில் உண்டு. ஜவ்வாதில் அப்படிக் குறிபோட்ட நீள்பாதை இல்லை. இருப்பது ஊருக்கும் ஊருக்கும் நடுவே போகும் ஒற்றையடிப் பாதை, மாட்டுத் தடம், மரம் வெட்டி இறக்கப் போட்ட பழைய கூப்பு ரோடு, இப்போது வந்த தார்ச்சாலை. இவற்றைக் கோத்துத்தான் நம் நீள்பாதை. அதனால் இங்கே துண்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைவிட, நடுவில் எங்கெல்லாம் இறங்க முடியும் என்பதுதான் திட்டத்தின் முதுகெலும்பு. இந்தக் குழு சேரும் இடத்தை எழுதிவைத்தது. இறங்கும் இடத்தை எழுதவில்லை. கீழே வரும் சறுக்கல் எல்லாம் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

முதல் நாள் நேரம் போன வழி

தூரம் 13 கி.மீ., ஏற்றம் சுமார் 500 மீட்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். நேரத்துக்கு நெய்ஸ்மித் கணக்கு: 5 கி.மீ.க்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி ஒருவர் போட்ட சூத்திரம், இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. அதன்படி 2 மணி 36 நிமிடம், கூட 50 நிமிடம். மொத்தம் 3 மணி 26 நிமிடம். சாப்பாடு, ஓய்வுக்கு ஒன்றரை மணி சேர்த்து ஐந்து மணி என்று முடித்தார்கள்.

கடைசி ஆளின் நேரத்தை எடுத்துப் பிரித்தால் இப்படி வருகிறது. கிளம்பியது 8.30-க்கு அல்ல, 10.10-க்கு. வேலூர் பஸ் நிலையத்தில் இரண்டு பேருக்காகக் காத்திருந்தது, ஒடுகத்தூரில் டிபன், அடிவாரத்தில் பைகளைப் பிரித்துச் சுமை மாற்றியது. ஆக, ஒரு அடி ஏறும் முன்பே ஒரு மணி நாற்பது நிமிடம் போயாயிற்று. ஏறத் தொடங்கியதிலிருந்து எட்டரை மணி நேரம். அதில் ஒன்பது நிறுத்தங்களுக்கு இரண்டு மணி, மதியச் சாப்பாட்டுக்கு 50 நிமிடம், உண்ணிச்செடி புதரை விலக்கி நுழைந்ததில் 35 நிமிடம், பிரிவழியில் தவறிப் போய்த் திரும்பியதில் 40 நிமிடம். மீதி 4 மணி 25 நிமிடம்தான் உண்மையான நடை.

கவனியுங்கள்: நடை நேரத்தில் கணக்கு பிசகியது ஒரு மணி மட்டும். நான்கு மணிக்கு மேல் போனது நடக்காத நேரத்தில். பயிற்சி போதவில்லை, வயசானவர்கள் வந்தார்கள் என்றுதான் குழுவில் முதலில் பேச்சு எழுந்தது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

நிறுத்தம் ஏன் இரண்டு மணியைத் தின்றது? 17 பேர் ஒற்றையடிப் பாதையில் மூன்று மீட்டர் இடைவெளியில் நடந்தால் வரிசை ஐம்பது மீட்டர். ஏற்றம் தொடங்கி அரைமணி ஆனதும் அது அரை கிலோமீட்டராக நீண்டுவிடும். முன்னால் போகிறவர் மரத்தடியில் உட்காருகிறார். கடைசி ஆள் வர பத்து நிமிடம். அவர் வந்து சேர்ந்ததும் முன்னால் இருந்தவர்கள் ஓய்வெடுத்து முடித்து எழுகிறார்கள். ஆக, வேகமாக நடப்பவருக்குப் பத்து நிமிட ஓய்வு, யாருக்கு அது உண்மையில் தேவையோ அவருக்கு ஒன்றுமில்லை. நாலைந்து முறை இப்படி ஆனால் கடைசி ஆள் தானாகவே நிற்கத் தொடங்குவார். வரிசை இரண்டாக உடையும். இங்கே சரியாக அதுதான் நடந்தது. முதல் ஆள் 4.20-க்கே பீஞ்சமந்தையில். கடைசி ஆளுக்கும் அவருக்கும் இடையே இரண்டு மணி இருபது நிமிடம். நடுவில் வந்த பிரிவழியில் முன்குழு நிற்கவில்லை. பின்னால் வந்த ஐந்து பேர் நன்றாகத் தேய்ந்து கிடந்த மாட்டுத் தடத்தில் திரும்பிவிட்டார்கள். மலையில் எது அதிகம் தேய்ந்திருக்கிறதோ அது ஊருக்குப் போகும் வழி என்று நினைப்பது நகரத்துப் பழக்கம். மேய்ச்சலுக்குப் போகும் தடம் தினமும் மிதிபடும். ஊர்ப்பாதை சாலை வந்த பிறகு புல் மூடிப்போயிருக்கும்.

வழி கேட்டதிலும் ஒரு சிக்கல். எதிரே வந்தவர்கள் கூப்பிடு தூரம்தான் என்றார்களாம். மலைக்காரர் கணக்கில் கூப்பிடு தூரம் என்பது அவர் கால் வேகத்துக்கு. தூரத்தைக் கேட்கக் கூடாது. நடுவில் எத்தனை ஓடை, எத்தனை ஏற்றம், கடைசியாகத் தண்ணீர் எங்கே என்று கேட்டால் பதில் துல்லியமாக வரும்.

வரைபடத்தைப் பொறுத்தவரை, எல்லோர் கையிலும் செல்போன் வரைபடம் இருந்தது, மூன்று பேருக்குத்தான் முன்கூட்டியே இறக்கிவைத்த கோப்பு இருந்தது. அடிவாரம் தாண்டியதும் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் அந்த மூன்றுதான் உதவியது, மூவருமே முன்குழுவில். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாள்களில் ஒடுகத்தூர் 57 எல்/13-இல் வரும், பீஞ்சமந்தையும் ஜமுனாமரத்தூரும் 57 எல்/14-இல். ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டர். சமவுயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. புதிய சாலைகள் பழைய தாளில் இருக்காது, ஆனால் ஓடையும் முகடும் இடம் மாறுவதில்லை. ஒடுகத்தூரிலிருந்து ஜமுனாமரத்தூர் நேர்கோட்டில் 20 கி.மீ.க்குள்தான். மலைப்பாதைக்கு அதை ஒன்றரை மடங்காகவாவது வைத்துக்கொள்ள வேண்டும், வளைவு அதிகமென்றால் இரு மடங்கு.

தண்ணீர், சாப்பாடு, சுமை

தலைக்கு இரண்டு லிட்டர், மொத்தம் 34. மதியம் இரண்டு மணிக்கெல்லாம் தீர்ந்தது. டிசம்பர் வெயில்தானே என்று நினைத்திருக்கிறார்கள். சுமையோடு ஏறும் உடம்பு மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் கேட்கும். எட்டு மணி நேரத்துக்கு நாலு லிட்டர். நாலு லிட்டரையும் முதுகில் சுமக்க வேண்டியதில்லை: மூன்று லிட்டரோடு ஏறி, நடுவில் ஒருமுறை நிரப்பிக்கொள்வதுதான் நடைமுறை. மழை முடிந்த மாதத்தில் ஓடைகளில் தண்ணீர் ஓடும். ஆனால் மேலே மாடு மேயும். ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு அரைமணி விட வேண்டும், அல்லது கொதிக்க வைக்க வேண்டும். மாத்திரை யாரிடமும் இல்லை. வழியில் ஒரு கொல்லைக் குடியிருப்பில் அடிகுழாய் கிடைத்தது, தப்பித்தார்கள்.

உப்பு போவதையும் யாரும் யோசிக்கவில்லை. ஒருவருக்கு ஆடுசதை பிடித்துக்கொண்டது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தலைக்கு இரண்டு போதும். இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டுமே தலைதட்டி. உப்பு கூடினால் உதவிக்குப் பதில் உபத்திரவம்.

மதியத்துக்கு ஆம்பூர் பிரியாணி. ஆம்பூர் பிரியாணி மீது யாருக்கும் வழக்கு இல்லை. ஆனால் காலை ஆறு மணிக்குக் கட்டிய பொட்டலத்தை வெயில் படும் பையில் வைத்து இரண்டு மணிக்குத் திறப்பது விஷப்பரீட்சை. சமைத்த சோறு வெதுவெதுப்பில் கிடந்தால் அதில் கிருமி பெருகும், மறுபடி சூடாக்கினாலும் அதன் நஞ்சு போகாது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எண்ணெயும் மசாலாவும் தாகத்தை இரட்டிப்பாக்கி, சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் எல்லோர் காலும் கனத்துவிட்டது. புளிசாதம் கட்டிக்கொண்டு மலை ஏறிய பாட்டிமார்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. புளியும் எண்ணெயும் சோற்றைக் காக்கும். அதையும் கைநிறைய மட்டும் சாப்பிட்டு, மணிக்கு ஒருமுறை கடலை மிட்டாய், பொரிகடலை, பேரீச்சை, வெல்லம் போட்ட அவல் என்று கொறித்துக்கொண்டே போவது நல்லது.

இரவுச் சமையலுக்கு 6 கிலோ அரிசி கொண்டுபோனார்கள். ஒரு வேளைக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி, 40 கிராம் பருப்பு போதும். 17 பேருக்கு 1.7 கிலோவும் 700 கிராமும். களைத்த வயிறு இரவில் சோறு கேட்காது, தண்ணீரும் ரசமும்தான் கேட்கும். காலைக்கு ரவை ஒன்றரைக் கிலோ. இவ்வளவுதான் தேவை. மிச்ச அரிசியைக் கீழே இறக்கியும் சுமக்க வேண்டியிருந்தது.

சுமை பற்றி ஒரே வரி: உடல் எடையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். அறுபது கிலோ ஆளுக்குப் பத்து கிலோ, அதில் மூன்று தண்ணீர். பாட்டுப்பெட்டி கொண்டுவந்தவர் அடுத்த முறை கொண்டுவரவில்லை. பாத்திரம், 5 கிலோ சிலிண்டர், அரிசி, பாய் எல்லாவற்றையும் சாலை வழியாக வண்டியில் பீஞ்சமந்தைக்கு முன்கூட்டி அனுப்பியிருக்கலாம். சாலை இருக்கும் ஊரில் தங்கிக்கொண்டு, அந்தச் சாலையைப் பயன்படுத்தாமல் சிலிண்டரைத் தோளில் ஏற்றியது வீம்பு. சமையலும் ஊருக்குள்தான், காப்புக்காட்டுக்குள் அடுப்பு மூட்டுவது எந்த மாதத்திலும் கூடாது.

மூன்று மாவட்டம், மூன்று கையெழுத்து

இரண்டாம் நாள் 7 மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் 9.15-க்குக் கிளம்பினார்கள். காரணம் சோம்பல் இல்லை. 17 பேருக்கு மூன்று லிட்டர் என்றால் 51 லிட்டர்; ஒரே குழாய், அதில் ஊர்க்காரர்களும் பிடிக்க வேண்டும். அதோடு ஒரே அடுப்பில் டீயும் உப்புமாவும். தண்ணீரை முந்தைய இரவே பிடித்து, மாத்திரை போட்டு, பையில் வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். காலையில் செய்யும் வேலை ஒவ்வொன்றும் ஆள் எண்ணிக்கையால் பெருகும்.

ஆனால் அன்று நடையை உடைத்தது தாமதம் அல்ல, அனுமதி.

ஒரு காலத்தில் இந்த மலை முழுதும் வட ஆர்க்காடு. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் மிச்சமிருந்த வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் பிரிந்தன. இன்று பீஞ்சமந்தை வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரம், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை, காவலூரும் ஆலங்காயமும் திருப்பத்தூர். நடப்பவர் கண்ணுக்கு ஒரே மலை, ஒரே காடு. வனத்துறைக் கணக்கில் மூன்று கோட்டம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ஆம் வருட வனச் சட்டப்படியே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் 23 பேர் மாண்ட பிறகு, மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. ஜவ்வாதில் இன்னொன்றும் உண்டு: இது சந்தனக் காடு. பையில் அரிவாள், ரம்பம், கோடாரி இருந்தால் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது.

குழு வேலூர்ப் பக்கம் மட்டும் எழுதி அனுமதி வாங்கியிருந்தது. எல்லை தாண்டிய பகுதிக்கு அது செல்லாது. கூட வந்த உள்ளூர் வழிகாட்டி இதை முதல் நாளே சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. எல்லைக்கு முன்பே அவர் நின்றுவிட்டார், நின்றது சரியே. காட்டுப்பாதையை விட்டு, பீஞ்சமந்தைப் பக்கமே திரும்பி, சாலையைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

இதைச் சரியாகச் செய்யும் விதம்: நடைக்கு ஒரு மாதம் முன்பு, ஒவ்வொரு கோட்டத்தின் மாவட்ட வன அலுவலருக்கும் தனித்தனி விண்ணப்பம். அதில் தேதி, பாதையை வரைந்த வரைபட நகல், ஆட்களின் பெயர், வயது, அடையாள அட்டை நகல், தங்கும் ஊர், வண்டி எண், அவசரத்துக்கு வேலூரில் இருக்கும் ஒருவரின் எண். நகல் அந்தந்த வனச்சரக அலுவலகத்துக்கும். வனக்காப்பாளர் அல்லது அவர்கள் சொல்லும் உள்ளூர் ஆள் கூட வருவார். ஒரு கோட்டம் மறுத்தால் அந்தத் துண்டை மட்டும் சாலை வழியாக மாற்றிக்கொள்ளலாம். துண்டு நடையில் இருக்கும் பெரிய வசதியே அதுதான். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம். அப்போது விண்ணப்பிப்பதே வீண். அக்டோபர், நவம்பர் மழை. ஆக, கையில் இருப்பது டிசம்பர் பிற்பாதியும் ஜனவரியும், பிப்ரவரியில் இரண்டு வாரமும். டிசம்பரிலும் புயல் சின்னம் என்றால் தள்ளிப்போடுங்கள். 2024 டிசம்பர் 1-இல் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் புதைந்தது, புயல் கரை கடந்த மறுநாள். மழை நின்றது என்பதற்காக மண் உறுதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஊறிய சரிவு காய நாலைந்து நாள் கொடுக்க வேண்டும்.

இறங்கும் வழி

சாலைக்கு வந்தபோது ஒருவருக்கு முட்டி வலி, நாலு பேருக்குக் கொப்புளம். இறங்கத்தான் வேண்டும். எப்படி என்பது தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதிவைத்திருக்கவில்லை. ஒரு சரக்கு வேன் கிடைத்தது, 17 பேரும் ஏறிவிடலாம் என்று பேச்சு. நல்லவேளையாக மூத்தவர் ஒருவர் தடுத்தார். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர்ப் பக்கம் செம்பரை மலைச்சாலையில் கோயிலுக்குப் போனவர்கள் ஏறிய சரக்கு வேன் கவிழ்ந்து 11 பேர் இறந்தது இதே ஜவ்வாதில்தான். செங்குத்தான கொண்டை ஊசியில் நின்றுகொண்டு வரும் ஆட்களின் எடை ஒருபக்கம் சாய்ந்தால் ஓட்டுநர் கையில் ஒன்றும் இருக்காது. கடைசியில் ஒடுகத்தூரிலிருந்து ஜீப் வரவழைத்து, இரண்டு நடையாக இறக்கினார்கள். இரவு ஒன்பதரைக்கு வேலூர்.

இந்த மலையில் இறங்கும் வழி என்பது சௌகரியத்துக்காகச் சொல்வதல்ல. 2023 மே மாதம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்து, மருத்துவமனை போகும் வழியிலேயே உயிர் போனது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியோடு நின்று, தாய் உடலைக் கையில் தூக்கிக்கொண்டு மலை ஏறினார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த நிலை. நடக்க வரும் நகரத்து ஆள் 108-க்குப் போன் செய்துவிடலாம் என்ற நம்பிக்கையில் ஏறக் கூடாது. போன் போய்ச் சேர்ந்தாலும் வண்டி வரும் இடத்துக்கு ஆளைச் சுமந்துபோவது குழுவின் வேலை.

சுமப்பது எளிதல்ல. இரண்டு மூங்கில், ஒரு தடித்த போர்வை கொண்டு தூளி கட்டினால், 65 கிலோ ஆளைத் தூக்க ஒருமுறைக்கு நாலு பேர், மாற்றுக்கு நாலு பேர். ஒற்றையடிப் பாதையில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் போனால் அதிகம். அதனால் வரைபடத்தில் சாலை தொடும் இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் விலகும் பகுதியைச் சிவப்பில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே போகும்போது நேரம், வெளிச்சம், ஆள்பலம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடித்த கை காலை அசையாமல் கட்டைவைத்துக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிச்செல்ல வேண்டும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன், நல்ல பாம்பு நாலும் இந்தப் பக்கம் உண்டு. முறிமருந்து ஒன்றுதான், அது ஆஸ்பத்திரியில்தான். பாம்பை அடித்துக் கையோடு எடுத்துப்போக வேண்டியதும் இல்லை.

கரடிக்கும் மலைத்தேனீக்கும் ஒரு வார்த்தை. கரடி மனிதனைத் தேடி வராது, திடீரென்று முகத்துக்கு முகம் பார்த்தால்தான் பாயும். விடியலிலும் அந்தியிலும் புதர் நடுவே பேசிக்கொண்டே போங்கள். பாறையில் தேன்கூடு தெரிந்தால் அதற்கு நேர்மாறு, வாயைத் திறக்காமல் கடந்துவிடுங்கள். சென்ட் பூசி வராதீர்கள்.

திருத்திய திட்டம்: ஜமுனாமரத்தூர் – காவலூர்

ஐந்து வாரம் கழித்து, ஜனவரியில், 14 பேர். விட்டுப்போன பீஞ்சமந்தை – ஜமுனாமரத்தூர் துண்டைத் தொடவில்லை. அதற்கு இரண்டு கோட்டத்திலும் விண்ணப்பம் போட்டுவிட்டு, மூன்றாம் துண்டுக்குப் போனார்கள். துண்டு நடைக்கு வரிசை முக்கியமில்லை என்பதைப் புரிந்துகொண்டதே ஒரு முன்னேற்றம்.

வெள்ளி இரவே ஜமுனாமரத்தூர் போய்த் தங்கியதால் பஸ் நிலையக் காத்திருப்பு, டிபன் இரண்டும் நடைநாளிலிருந்து கழிந்தன. 6.45-க்கு முதல் அடி. 14 பேரை ஏழேழாகப் பிரித்து, இருபது நிமிட இடைவெளியில் இரண்டு அணி. ஒவ்வொரு அணியிலும் மெதுவாக நடப்பவர் இரண்டாவது ஆள். முதல் ஆள் வழி தெரிந்தவர், அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். மெதுவான ஆளை முதலிலேயே வைத்தால் கூச்சத்தில் சக்திக்கு மீறி நடப்பார், கடைசியில் வைத்தால் அறுந்துபோவார். கடைசி ஆள் நல்ல கால் உள்ளவர், முதலுதவிப் பையோடு. அவரைத் தாண்டி யாரும் பின்னால் நிற்கக் கூடாது, ஒதுங்கப் போனாலும் பை பாதையோரம் இருக்க வேண்டும். ஓய்வு நேரம் கடைசி ஆள் உட்கார்ந்த நொடியிலிருந்து எண்ணப்படும். 50 நிமிட நடை, 8 நிமிட ஓய்வு. பிரிவழி எதுவானாலும் அணி முழுதும் சேர்ந்த பிறகே அடுத்த அடி. விசில் ஒன்று என்றால் நில், மூன்று என்றால் உதவி.

தாளில் இந்த முறை சேரும் நேரம் ஒன்று மட்டும் இல்லை; பாதை பஸ் சாலையைத் தொடும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கெடு. 10.30-க்குள் முதல் இடம் வராவிட்டால் பீமன் அருவிக்கு ஒதுங்குவது ரத்து. ஒரு மணிக்குள் அடுத்த இடம் வராவிட்டால் அங்கேயே பஸ். எந்த நிலையிலும் நாலரைக்கு மேல் நடை கிடையாது, அந்தி ஒன்றரை மணி தள்ளித்தான் என்றாலும். பஸ் நேரத்தை முந்தைய நாள் கண்டக்டரிடமே கேட்டு எழுதிக்கொண்டார்கள். வேலூரில் இருக்கும் ஒருவரிடம் அதே தாளின் நகல். ஆறு மணிக்குள் போன் வராவிட்டால் அவர் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது உட்பட.

காவலூரைத் தாண்டி ஆலங்காயம் வரை ஒரே நாளில் முடிக்கும் பழைய எண்ணம் முதல் வெட்டில் போனது. காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கும் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் இரவில் வெளிச்சம் அடித்துக்கொண்டு திரிவது அவர்கள் வேலைக்கு இடைஞ்சல். இருட்டும் முன் முடிப்பதற்கு இது இன்னொரு காரணம்.

3.50-க்கு இரண்டு அணியும் காவலூர். தண்ணீர் ஆளுக்கு முக்கால் லிட்டர் மிச்சம். ஆனால் எல்லாம் சுமுகம் என்று சொல்ல முடியாது. காடு அனுமதி சிக்கலைத் தவிர்க்கப் பெரும்பகுதி தார்ச்சாலையில் நடந்ததால் கொப்புளம் முதல் முறையைவிட அதிகம்: ஏழு பேருக்கு. மண்பாதையில் ஒவ்வொரு அடியும் பாதம் வேறு வேறு கோணத்தில் விழும், தாரில் ஒரே இடம் ஆயிரக்கணக்கான முறை உராயும், சூடும் சேரும். தோல் சுருசுருவென்று உணர்ந்த உடனே நிறுத்தி, காயவைத்து, பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். அடுத்த நிறுத்தம் வரட்டும் என்றால் நீர்கோத்துவிடும். ஒரு ஜோடி உலர்ந்த காலுறை மதியம் மாற்றவே வைத்துக்கொள்ளுங்கள். புது ஷூ என்றால் ஐம்பது கிலோமீட்டராவது ஊரில் நடந்து பழக்கியிருக்க வேண்டும். வேலூர்க் கோட்டை அகழியை விடியலில் சுற்றினாலே போதும்.

இன்னொரு தவறு, வார இறுதி. அருவிப் பக்கம் சனிக்கிழமை பைக் கூட்டம். வளைவுகளில் இரண்டு முறை ஒதுங்க இடமில்லாமல் போனது. சாலை நடை என்றால் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரம், ஒற்றை வரிசை, பார்வை மறையும் வளைவில் மட்டும் வெளிவளைவுக்கு மாறுவது. வேலைநாள் கிடைத்தால் அதுவே நல்லது. அடுத்த துண்டான காவலூர் – ஆலங்காயம் இறக்கத்தை அவர்கள் செவ்வாய்க்கிழமைக்கு வைத்திருக்கிறார்கள். இறக்கத்தில் முட்டிக்காரருக்கு இரண்டு ஊன்றுகோல், குறுகிய அடி.

வீடு திரும்பியதும் செய்ய வேண்டியது ஒன்று இரண்டு முறையும் விட்டுப்போனது. மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களில் வேலூர் வட்டாரத்தில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் சகஜம். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் கடியால் வருவது. முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் சொருகிய பேன்ட், புல்லில் நேரடியாகப் படுக்காமல் விரிப்பு. வந்த அன்றே வெந்நீரில் தேய்த்துக் குளித்து, நடந்த துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டாலும், மலைக்குப் போய்வந்ததை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் சீக்கிரம் தொடங்கினால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். குழுவின் வாட்ஸ்அப்பில் இருபத்தோராம் நாள் ஒருவர் எல்லோரையும் விசாரிக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளின் கடைசி வரியாகச் சேர்த்துவிடலாம்.